என் முறை வருவதற்குள்

2006 நவம்பர் 5, ஞாயிறு

பள்ளிக்கூடத்தைப் பதினோரு மணிக்கே விட்டுவிட்டார்கள். பாக்தாத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. நாட்டை ஆண்ட அந்த ஆளுக்குத் தூக்கு. பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். இத்தனை வருஷம் எல்லாச் சுவரிலும் இருந்த பெயர், இங்கேயாவது இல்லாமல் இருக்கட்டும்.

எங்கள் ஊர் சம்சமாலின் கடைத்தெருவில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள். தலைமையாசிரியர் ஆரஸ் மிட்டாய்த் தட்டோடு வகுப்பு வகுப்பாக வந்தார். "எடுத்துக்கங்க பக்ஷான் டீச்சர். இன்னிக்கு உங்க வீட்டுக்குத்தான் பெருநாள்." எடுத்துக்கொண்டேன். வாயில் போடவில்லை, பையில் போட்டுக்கொண்டேன்.

தூக்கு எதற்காக? எங்களுக்காக இல்லை. துஜைல் என்ற ஊருக்காக. அங்கே நூற்று நாற்பத்தெட்டுப் பேரைக் கொன்றதற்காக. பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நூற்று நாற்பத்தெட்டுப் பேருக்கும் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, உத்தரவுக் காகிதம் இருக்கிறது. எங்கள் குர்திய கிராமங்களிலிருந்து எண்பத்தெட்டாம் வருஷம் லாரி லாரியாக ஏற்றிப்போனார்களே, அவர்களை இன்னும் எண்ணியே முடியவில்லை. எங்கள் வழக்கு ஆகஸ்டில்தான் தொடங்கியிருக்கிறது. 'அன்ஃபால் வழக்கு' என்கிறார்கள்; ராணுவம் அந்த வேட்டைக்கு வைத்த பெயர் அது. அது முடிவதற்குள் ஆளையே முடித்துவிடுவார்களா?

தொலைக்காட்சியில் துஜைல் பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்துப் பொறாமை. இப்படியும் ஒரு ஜென்மம் உண்டா?

ரூனாக் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "எந்த ஊருக்காகச் செத்தா என்ன அக்கா? கழுத்து ஒண்ணுதானே?" என்றாள்.

அவளுக்கு எதிலும் சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும்.

நவம்பர் 9

ரூனாக் என் சக்களத்தி. கணவர் போனபின்னும் பதினெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளைப் பற்றி இந்த நோட்டில் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை என்று இன்றுதான் கவனித்தேன்.

என் கணவர் ஸாபிர் டிராக்டர் ஓட்டுகிறவர். அறுவடைக்குப் போன ஊரில் இவளைப் பார்த்தார், பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தார். வேறு காரணம் எதுவும் கிடையாது. எனக்குக் குழந்தை இல்லை என்றோ நோய் என்றோ ஏதாவது காரணம் இருந்திருந்தால் லேசாக இருந்திருக்கும். என் மகள் சிமன் அப்போது ஓடி விளையாடுகிற பிள்ளை.

எண்பத்தெட்டு நவ்ரோஸ் பண்டிகைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் துணி எடுத்து வந்தார். அவளுக்கு எடுத்த பச்சை என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். சண்டை போட்டுவிட்டு சிமனைக் கூட்டிக்கொண்டு கிர்குக்கில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்று வாரத்தில் கிராமமே இல்லை. ராணுவம் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. ஆண்கள் ஒருவரும் திரும்பவில்லை. ரூனாக் ஐந்து மாதம் கழித்துச் சிறையிலிருந்து வெளியே வந்தாள். உள்ளே பிறந்த குழந்தை உள்ளேயே போய்விட்டது. அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றாள். போக வேறு இடம் இல்லை அவளுக்கு. சிமன் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் என்ன செய்ய?

ஒரு பச்சைத் துணி மேல் வந்த பொறாமையால் நானும் என் மகளும் உயிரோடு இருக்கிறோம். இதை யாரிடம் சொல்வது?

நவம்பர் 15

வக்கீல் தொலைபேசியில் பேசினார். வழக்கில் நாங்கள் இருவருமே புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். "ரூனாக் இருக்காங்களா? இந்த மாசக் கடைசியில பாக்தாத் வரணும். சாட்சி சொல்லணும்."

"நான் முதல் மனைவி," என்றேன்.

"தெரியும்மா. உங்க பேரு ஜனவரிப் பட்டியல்ல இருக்கு. அவங்க கூடவே பிடிபட்டவங்க, கண்ணால பாத்தவங்க. அதான் முதல்ல."

கண்ணால் பார்த்தவள்.

அவளுக்கு நானே பெட்டி கட்டிக் கொடுத்தேன். கறுப்பு அங்கியைத் தேய்த்தும் கொடுத்தேன். கவனம் எங்கேயோ இருந்ததில் இஸ்திரி சுட்டுவிட்டது. அவளை இல்லை, என்னை.

நவம்பர் 28, செவ்வாய்

ரூனாக் தொலைக்காட்சியில்.

பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சிமன் வானொலி நிலையத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ரூனாக் நேராக நின்றாள். டோப்ஸாவா முகாமுக்குக் கொண்டுபோனது, முற்றத்தில் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் பிரித்தது எல்லாம் சொன்னாள். "என் கணவரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவரைக் கடைசியாகப் பார்த்தவள் நான்தான்" என்றாள்.

நீதிபதி கேட்டார்: அவருக்கு வேறு குடும்பம் உண்டா?

"இல்லை. நான் மட்டும்தான்."

கூடத்தில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க எல்லோரும் பாடுபட்டார்கள். சிமன் என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன்.

நவம்பர் 30

வந்துவிட்டாள். தெருவே திரண்டு வந்து கட்டிப்பிடிக்கிறது. ரொட்டிக் கடைக்காரர் சூடாகப் பத்து ரொட்டி கொடுத்தனுப்பினார். இத்தனை வருஷம் அந்தக் கடையில் நான்தான் வரிசையில் நிற்கிறேன்.

எல்லோரும் போனபின் கேட்டேன். "நான் செத்துட்டேனாடி?"

"அக்கா... ரெண்டு பொண்டாட்டிக்காரன்னு எதிர்த்தரப்பு வக்கீல் சிரிச்சிடக் கூடாதேன்னுதான். அப்புறம் நீங்க ஏன் அங்க இல்லைன்னு கேப்பாங்க. கோவிச்சுக்கிட்டுப் போனதை உலகத்துக்கே சொல்லணுமா?"

பதில் தயாராகவே கொண்டு வந்திருக்கிறாள். பதிலில் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

"அவன் முகத்தைப் பாத்தியா?"

"இல்லக்கா. அந்தப் பக்கமே திரும்பல. நீதிபதியோட மேஜையைப் பாத்துட்டே பேசி முடிச்சிட்டேன்."

பார்க்கவில்லையாம்! பத்தடி தூரத்தில் அவன் உட்கார்ந்திருக்க, இவள் மேஜையைப் பார்த்தாளாம்! நானாக இருந்தால் கண்ணை எடுத்திருக்க மாட்டேன். வீணாக்கிவிட்டாள். எனக்குக் கிடைத்திருக்க வேண்டியதை வாங்கிக்கொண்டுபோய் வீணாக்கிவிட்டாள்.

டிசம்பர் 2

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டுக்காவது தெரியட்டும்.

அவரைக் கடைசியாகப் பார்த்தவள் ரூனாக் இல்லை. நான்.

கிராமம் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் அவித்த முட்டையும் ரொட்டியும் கட்டிக்கொண்டு டோப்ஸாவா வாசலுக்குப் போனேன். அவர்களைப் பிரித்த மூன்றாம் நாள். வாசலில் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் முதுகில் அடித்தான். சாலை ஓரப் பள்ளத்தில் விழுந்து கிடந்தபோது லாரிகள் வெளியே வந்தன, தார்ப்பாய் போட்டு மூடிய லாரிகள். மூன்றாவது லாரியின் பின்பக்கத்தில் தார்ப்பாய் சரியாகக் கட்டவில்லை, காற்றில் தூக்கியது. ஓரத்தில் ஸாபிர். தலையில் துணி இல்லை. கை பின்னால் கட்டியிருந்தது. என்னைப் பார்த்தாரா? தெரியாது. தார்ப்பாய் விழுந்துவிட்டது.

ரூனாக் வந்து வாசலில் நின்ற அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான்தான் கடைசியா பாத்தேன்" என்று அவள் மற்ற விதவைகளிடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவியிருக்கிறேன். அவளுக்கு அவருடைய இரண்டு வருஷம் கிடைத்தது, நல்ல பச்சை கிடைத்தது, அவர் பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி அவர் பக்கத்தில் நிற்கக் கிடைத்தது. இந்த ஒன்று மட்டும் என்னுடையது. யாருக்கும் தர மாட்டேன் என்று வைத்திருந்தேன்.

வழக்கு வந்தபோதுதான் இதை எங்கே கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. அவன் முகத்துக்கு நேராக நின்று சொல்வேன். ரூனாக் இங்கே கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் கேட்பாள்.

ஆம், அதுவும்தான். பொய் எழுத மாட்டேன்.

டிசம்பர் 12

ஊரில் வேறு பேச்சே இல்லை. ஆசிரியர் அறையில் இன்று கைகலப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆரஸ்: "இன்னும் என்னங்க விசாரணை? தினமும் முடிக்குச் சாயம் பூசிக்கிட்டு வந்து உக்காருறான். நாளைக்கே தொங்க விடணும்."

கணக்கு ஆசிரியை நாஸனின்: "தொங்கவிட்டுட்டு? அவன் கையெழுத்துப் போட்டது, யாரு யாரு கூட இருந்தது, எங்கே புதைச்சாங்க, இதெல்லாம் யாரு சொல்வா? கயிறா சொல்லும்?"

"சொல்லவே மாட்டான் டீச்சர். இத்தனை நாள்ல ஒரு வார்த்தை சொன்னானா?"

"கேக்காம விட்டா எப்படிச் சொல்வான்?"

என்னைக் கேட்டார்கள். "காத்திருக்கணும்" என்றேன். நாஸனின் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். நியாயத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 26, செவ்வாய்

மேல்முறையீடு தள்ளுபடி. முப்பது நாளுக்குள் தூக்கு.

ஜனவரி பட்டியல். ஜனவரி எட்டாம் தேதி மறுபடி நீதிமன்றம் கூடுகிறது. முப்பது நாள் என்றால் ஜனவரி இருபத்தைந்து வரை. நடுவில் எனக்கு ஒரு நாள் கிடைக்காதா? ஒரே ஒரு மணி நேரம்?

அவனை உயிரோடு வையுங்கள் என்று அல்லாவிடம் வேண்டினேன். அவனுக்காக. நான்.

டிசம்பர் 28, வியாழன்

சிமன் நடத்துகிற வானொலி நிகழ்ச்சியில் இன்று பேசினேன். 'இப்போதே தூக்கிலிடலாமா, நம் வழக்கு முடியும்வரை பொறுக்கலாமா' என்று ஒரு வாரமாக நேயர்களைப் பேச வைக்கிறாள். "அம்மா, விதவைகள் சார்பா யாராவது ஒருத்தர் வேணும். நீங்க வாங்க" என்று அவளே கூப்பிட்டாள்.

நன்றாகத்தான் பேசினேன். துஜைலுக்குக் கிடைத்த காகிதம் நமக்கும் வேண்டும், நம் வழக்கில் நம் பெயரால் தீர்ப்பு வர வேண்டும், அதுவரை அவன் ஒவ்வொரு நாளும் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன்கள் கைதட்டினார்கள்.

அடுத்த அழைப்பு.

"வணக்கம், யார் பேசறது?" என்றாள் சிமன்.

"நான்தான் சிமன். சின்னம்மா."

சிமன் என்னைப் பார்த்தாள்.

"பக்கத்துல இருக்கிற அக்காகிட்டயே சொல்றேன்," என்றாள் ரூனாக். "அக்கா, உங்களுக்குப் படிப்பு இருக்கு. எனக்கு இவ்வளவுதான் தெரியும். அவன் மூச்சு விடுறான், எம் பிள்ளை விடல. ஒரு நாள் கூடுதலா அவன் ரொட்டி தின்னாலும் எனக்கு அடிவயித்துல வலிக்குது. தீர்ப்பு நம்ம பேருல வரலைன்னா போகுது. யாரு பேருலயாவது போகட்டும்."

"நீ பேசிட்டே. உன் முறை முடிஞ்சுது. அதான் உனக்கு அவசரம்," என்றேன்.

ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. வார்த்தை வாய் தாண்டிவிட்டது.

 "ஓ. இதுவா?" என்றாள். வைத்துவிட்டாள்.

சிமன் பாட்டுப் போட்டாள்.

டிசம்பர் 29, வெள்ளி

கடைத்தெருவில் நாலு பேர் நிறுத்திப் பாராட்டினார்கள். "என்ன தெளிவு! என்ன நியாயம்!" கடைசி வாக்கியத்தை யாரும் புரிந்துகொள்ளவில்லை, ஒருத்தியைத் தவிர.

ரூனாக் பேசவில்லை. நாளைப் பெருநாளுக்குப் பேரீச்சை வைத்துக் குலேச்சா பலகாரம் சுட்டோம், ஒரே அடுப்பில். "உப்பு" என்றாள். கொடுத்தேன்.

டிசம்பர் 30, சனி

விடிகாலையில் முடித்துவிட்டார்கள்.

பெருநாள் சோறும் கறியும் விரித்து வைத்திருந்தோம். சிமன் என் மருமகனோடு வந்தாள், உள்ளே நுழையும்போதே முகம் சொல்லிவிட்டது. தொலைக்காட்சியைப் போட்டோம். கயிற்றைக் காட்டினார்கள். அவன் கழுத்தில் ஒரு கறுப்புத் துணியைச் சுற்றினார்கள்.

தெருவில் மறுபடி சுடுகிறார்கள். எதிர்வீட்டில் ஒருத்தி கூரை மேல் ஏறிக் குலவை போட்டாள். இன்னொரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மருமகன் சொன்னான்: "பெருநாளன்னிக்குப் போய்ச் செஞ்சிருக்காங்களே. நாளைக்கு அவனை தியாகி ஆக்கிடுவாங்க." சிமன் சொன்னாள்: "நம்ம வழக்கு அம்போ."

நான் சாப்பிட்டேன். இரண்டு தட்டு. பசியே இல்லை, ஆனாலும் சாப்பிட்டேன்.

ரூனாக் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு "அவ்வளவுதானா?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

டிசம்பர் 31

பதினெட்டு வருஷம் வைத்திருந்தது. கொடுக்க ஆள் இல்லை.

2007 ஜனவரி 3, புதன்

சொல்லிவிட்டேன்.

நினைத்துச் செய்யவில்லை. மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். ரூனாக் தானாகவே பேசினாள், ஆறு நாளுக்குப் பிறகு. "அக்கா, நான் பாக்தாத்ல ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அவமானமா இருந்துச்சு."

"என்ன?"

"அவரை முற்றத்துல இழுத்துட்டுப் போனப்ப கால்ல செருப்பு இல்ல. ஒண்ணு எம் பக்கத்துலயே கிடந்துச்சு. எடுத்து வீசியிருக்கலாம். சிப்பாய்க்குப் பயந்துட்டேன். பாலைவனத்துக்குத்தான் கொண்டுபோனாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தச் சூட்டுல, முள்ளுல வெறுங்காலோட நடந்தாரேன்னு... தினமும் நினைச்சுக்குவேன் அக்கா. சிரிக்காதீங்க. சுட்டுக் கொன்னதைவிட அதுதான் நினைப்பு வருது."

எனக்குக் கை நின்றுவிட்டது.

ஏனென்றால் நான் பார்த்திருக்கிறேன். லாரி ஓரத்தில் கால்கள் வெளியே தெரிந்தன. இரண்டு காலிலும் ரப்பர் செருப்பு. ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு. ஜோடி சேராத செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறாரே என்று அந்த நிமிஷத்தில்கூட எனக்குத் தோன்றியது.

சொன்னேன். வாசல், முட்டை, பள்ளம், தார்ப்பாய், செருப்பு, எல்லாம்; கை கட்டியிருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க தைரியம் இல்லை. பத்தடி தூரத்தில் கண்ணை எடுக்க மாட்டேன் என்று எழுதியவள் நான்!

திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது: "ரெண்டு கால்லயும் இருந்துச்சா?"

"ரெண்டு கால்லயும்."

"யாரோ குடுத்திருக்காங்க." வாயைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டு பேரு குடுத்திருக்காங்க அக்கா. ஆளுக்கு ஒண்ணு."

அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்கு மற்றது உறைத்தது. எழுந்து நின்று கேட்டாள்: "பதினெட்டு வருஷமா?"

"ஆமா."

"எம் பக்கத்துலயே தூங்கிக்கிட்டு?"

 அவள் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரி 6

சமைக்கிறாள், எனக்கும் வைக்கிறாள். தட்டைத் தரையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

ஜனவரி 8, திங்கள்

நீதிமன்றம் கூடியது. அவனுடைய நாற்காலி காலி. அவன் மேல் இருந்த குற்றச்சாட்டுகள் கைவிடப்படுகின்றன என்று நீதிபதி வாசித்தார். செத்தவன் மேல் வழக்கு நடத்த முடியாதாம். செத்தவர்களுக்காக மட்டும் நடத்தலாம் போல.

கூடத்தில் நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. ரூனாக் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், தோள் படாமல், ஒரு சாண் தள்ளி. அந்தக் காலி நாற்காலியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"நான்தான் பாத்திருக்கணும் அவன் மூஞ்சியை," என்றாள். "உங்களுக்காகவாவது."

ஜனவரி 19

வக்கீல் கூப்பிட்டார். என் பெயர் இருந்த பட்டியலை ரத்து செய்துவிட்டார்களாம். மற்ற குற்றவாளிகள்மேல் வழக்கு நடக்கும், எழுதிக் கொடுத்தால் கோப்பில் வைப்பாராம்.

எழுதினேன். மூன்று பக்கம்; கட்டிய கை மட்டும் அதிலும் இல்லை. 'எங்கள் கணவர் ஸாபிர்' என்று தொடங்க வேண்டியிருந்தது. 'எங்கள்' என்ற இடத்தில் பேனா கால் மணி நேரம் நின்றது. எழுதிவிட்டேன். ரூனாக் கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருக்கிறது. எப்போது கற்றுக்கொண்டாள்?

ஜூன் 24, ஞாயிறு

எங்கள் வழக்கிலும் தீர்ப்பு. மூன்று பேருக்குத் தூக்கு. அன்ஃபால் என்று வாய்விட்டுச் சொல்லித் தீர்ப்பு வாசித்தார்கள். சிமன் மறுபடி நேயர்களைக் கூப்பிட்டுப் பேச வைத்திருக்கிறாள். "அம்மா வர்றீங்களா?" என்றாள். வேண்டாம் என்றேன். ரூனாக்கும் வேண்டாம் என்றாள்.

மாலையில் சுலைமானியா பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பெண்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார்கள். விதவைகள் சொல்வதைப் பதிவு செய்கிறார்களாம். ரூனாக்தான் பேசினாள். முற்றம், சிறை, குழந்தை. பிறகு நிறுத்தாமல் டோப்ஸாவா வாசலுக்குப் போய்விட்டாள். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அடித்தது, பள்ளத்தில் விழுந்தது, மூன்றாவது லாரி எல்லாவற்றையும் தான் பார்த்ததுபோலவே சொன்னாள். "நான் பள்ளத்துல கிடந்தபடியே பாக்கிறேன்மா" என்றாள்.

எனக்கு எரிச்சல் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. பழைய அளவுக்கு இல்லை, ஆனாலும் வந்தது.

"தார்ப்பாய் தூக்குச்சு. அவர் என்னைப் பாத்தாரு. பாத்துட்டு, கையைத் தூக்கி, போயிட்டு வர்றேன்ங்கிற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டினாரு."

ஒரு பெண் என் பக்கம் திரும்பினாள். "அப்படித்தானே அம்மா?"

ஸாபிரின் கை பின்னால் கட்டியிருந்தது. உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

"ஆமா," என்றேன். "ஆட்டினாரு."